என் மகளின் பெயரில் ஒரு நோயாளி

தப்பான முகவரி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. அப்போது என் பிழைப்பே முகவரியில்தான் இருந்தது. மந்தாரக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு ஒப்பந்த அடிப்படையில் கம்ப்யூட்டர் வேலை. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரி, கிளினிக், லேப் எல்லாவற்றிலிருந்தும் வாராவாரம் எங்களுக்கு ஒரு படிவம் வரும். காய்ச்சல் எத்தனை பேருக்கு, வாந்திபேதி எத்தனை பேருக்கு, அம்மை எத்தனை, நாய்க்கடி எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்றுமே இல்லையென்றாலும் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். காலியாக வந்தால் விடமாட்டேன். "நோய் இல்லையா சார், இல்ல நீங்க எழுதலையா? ரெண்டும் ஒண்ணு கிடையாது" என்று போன் போட்டுக் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா, காலரா மாதிரி சில நோய்களுக்கு வாரக் கணக்கு கிடையாது. டாக்டருக்குச் சந்தேகம் வந்த அன்றைக்கே பெயர், வயது, முகவரியோடு தகவல் வந்துவிட வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லேபிலிருந்து முடிவு வருவதற்குள் நோய் நாலு வீடு தாண்டிவிடும். அதனால் சந்தேகம் என்றாலே எங்கள் சுகாதார ஆய்வாளர் அந்த முகவரிக்குக் கிளம்பிவிடுவார். ரிட்டையர் ஆக இரண்டு வருடம் இருந்த மனிதர், பழைய மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றுவார். 'மாரியம்மன் கோயில் தெரு' என்று மொட்டையாக எழுதி அனுப்புவார்கள். மாரியம்மன் இல்லாத ஊர் ஏது? மனிதர் வெயிலில் மூன்று ஊர் அலைந்துவிட்டு வந்து என் மேஜைமேல் ஹெல்மெட்டை வைப்பார். அன்றைக்கு அந்த முகவரியை எழுதியவருக்கு என்னிடம் அர்ச்சனை நிச்சயம்.

இப்படிப்பட்ட நான்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி அட்மிஷன் தாளில் பொய் முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்காரர் மைன்ஸில் பர்மனெண்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஒன்பது வயது. வீட்டு வேலைக்கு மந்தாரக்குப்பத்திலிருந்து ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். சொந்த ஊர் காடாம்புலியூர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் முந்திரித் தோப்பில் கூலி வேலை பார்த்தவர்கள். 'தானே' புயல் மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டதும் அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அவன் ஒரு சில்லறைக் காண்ட்ராக்டரிடம் மண் அள்ளும் வேலைக்குச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறிவிட்டார்கள். கடைசியாக இருந்தது ஐந்து குடித்தனங்கள் வரிசையாக இருந்த ஓர் ஓட்டு வீட்டில். அவளுக்கு ஒரு பெண்ணும் ஒரு கைக்குழந்தையும். பெண்ணுக்கும் என் மகள் வயதுதான். என் மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன் எல்லாம் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கும். கைக்குழந்தை ஆண், பதினோரு மாதம். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பாதி நாள் வேலைக்கு வருவாள். என் சமையலறைத் தரையில் தவழ்ந்துபோய் உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்ப்பது அவன் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மூணு நாளா சிரப்பு குடுத்துகினுதான் இருக்கேங்கா. எச்சி கூட முழுங்க மாட்டேங்குது. கழுத்து பாருங்களேன், வீங்கிகினு கெடக்குது."

அந்தப் பெண்ணின் மூச்சு வாசல்வரைக்கும் கேட்டது. கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏறினால் அரசு ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சுரங்க ஊழியர் குடும்பத்துக்கு இலவச வைத்தியம், அதற்கான மெடிக்கல் புக் எங்களிடம் இருந்தது.

எங்கள் வரிசையில் மெடிக்கல் புக் தோட்டத்துக் கறிவேப்பிலை மாதிரி, கேட்டவருக்கெல்லாம் கொடுப்பது. வேலைக்கு வருகிறவளின் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையா, தோட்டக்காரர் மகனுக்குக் காய்ச்சலா, எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிடுவார்கள். யாருக்கும் அது குற்றமாகத் தெரியாது. வெளியே தெரிந்தால் பர்மனெண்ட் ஆளுக்குச் சார்ஜ் மெமோ வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் புக்கில் ஒட்டியிருந்த போட்டோ என் மகளுக்கு மூன்று வயதில் எடுத்தது. அந்த வயதில் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆட்டோவில் போகும்போது அவள் மகளின் காதில் என் மகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். "யாரு கேட்டாலும் இந்தப் பேருதான் சொல்லணும், என்னா?" அந்தப் பெண்ணால் எந்தப் பெயரையும் சொல்ல முடியவில்லை. அட்மிஷன் தாளில் நான் என் மகளின் பெயரை எழுதினேன். என் குவார்ட்டர்ஸ் நம்பரை எழுதினேன். 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெற்றவள் பக்கத்தில் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு தகவல் வந்தது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியிலிருந்து. 'தொண்டை அடைப்பான், சந்தேகம். பெண் குழந்தை, வயது ஒன்பது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம். மாதிரி லேபுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விஷமுறிவு மருந்து தொடங்கப்பட்டுள்ளது.' அதற்குக் கீழே என் மகளின் பெயரும் எங்கள் பிளாக்கும் தெருவும் குவார்ட்டர்ஸ் நம்பரும் இருந்தன. ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

முதலில் எனக்கு வந்தது புத்திகெட்ட பயம். என் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள். டி.வி. சத்தம் கேட்டது. "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, சாப்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் விஷயம் முழுசாக உறைத்தது. சாதாரணத் தொண்டை வலி என்று நினைத்துக் கொடுத்த புக், இப்போது அரசாங்கத் தகவலாக என் மேஜைக்கே திரும்பி வந்திருந்தது.

எங்கள் மருத்துவ அலுவலர் இளம் வயதுப் பெண். என் பின்னால் வந்து நின்று படித்தவர், "இது உங்க வீட்டு அட்ரஸ் இல்ல?" என்றார்.

"ஆமா மேடம்."

"உங்க பொண்ணா? நேத்தே சொல்லியிருக்கலாம்ல? இங்க என்ன பண்றீங்க, கிளம்புங்க முதல்ல. வீட்ல வேற சின்னக் குழந்தை யாராவது இருக்காங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட கேள்வியே அதுதான். அந்தப் பதினோரு மாதக் குழந்தை என் கண்ணுக்கு முன்னால் வந்தான், உருளைக்கிழங்குக் கூடையோடு. "இல்ல மேடம், ஒரே பொண்ணுதான்" என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, பயப்படாதீங்க, சீக்கிரமே மருந்து ஆரம்பிச்சிட்டாங்க என்று ஆறுதல் சொன்னார். அந்தக் கை பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்ணைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்ததும், "ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம். நீங்க இருங்கம்மா, வேலைக்காரம்மாவ அனுப்பிடுங்க" என்றார். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். போகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அந்தப் பார்வையில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு சிஸ்டர். பாப்பா இவகிட்ட நல்லா ஒட்டிக்குவா. இவளே இருக்கட்டும்."

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். போகும்போது இன்னொரு நர்ஸிடம், "பெத்தவளுக்கு ஆபீஸ் பெருசாப் போச்சு, கூலிக்கு வந்தவ உசுரக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். வாய் நீளமான நான் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஷிப்டு முடிந்து வந்து அப்போதுதான் குளித்திருந்தார். ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. புக்கைக் கொடுக்கும்போது, குடு, பாவம், என்று அவரும்தான் சொன்னார்.

"சந்தேகம்னுதான எழுதியிருக்காங்க? திங்கக்கிழமை லேப் ரிசல்ட் வந்துரும்லா? இல்லன்னு வந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டு நாள் பொறு. நீ பாட்டுக்குப் போய் உளறிட்டு நின்னேன்னு வை, எனக்குச் சஸ்பென்ஷன். பதினேழு வருஷ சர்வீஸ், பாத்துக்கோ."

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் போனில் பாடம் நடத்தியவள் நான். ஆனால் அவர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவுக்கு ஆட்கள் வந்தார்கள். சுகாதார ஆய்வாளர், இரண்டு நர்ஸ், மாத்திரைப் பெட்டி. என் வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் தொண்டையைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அட்டையை வாங்கிப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் முன்னறையில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் கிடப்பதாக எழுதப்பட்ட என் மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தும்மாதே, இருமாதே, ஜன்னல் பக்கம் வராதே என்று சொல்லியிருந்தேன். "நான் என்ன தப்பும்மா பண்ணினேன்?" என்று அவள் கேட்டிருந்தாள்.

முன்னறையில் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் என் காது முழுக்க அந்தக் கதவில்தான் இருந்தது. ஆய்வாளர் என்ன கேட்டாலும் இரண்டாம் தடவை கேட்டபிறகுதான் பதில் சொன்னேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாளே, அதனால்தான் இப்படி நிற்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தைரியமா இரும்மா. நான் பாக்காத கேஸா? தேறிடுவா" என்றார். "நாளைக்கு அவ ஸ்கூலுக்குப் போறேன். கிளாஸ் பிள்ளைங்களுக்கும் மாத்திரை குடுத்துடணும்" என்றார்.

எதிர்வீட்டு அம்மாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார். அன்று காலை ஏழு மணிக்குக்கூட என் மகள் அவர் வீட்டு வாசலில் சைக்கிள் ஓட்டியதை அவர் பார்த்திருந்தார். சைக்கிளும் வாசலில்தான் சாய்ந்து நின்றது. அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் கையை நீட்டி மாத்திரையை வாங்கி, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கிவிட்டுப் போனார். அவர் வீட்டுப் புக்கும் நாலு பேர் கை மாறியதுதான்.

நோயே இல்லாத தெருவில் பதினாறு வீட்டுக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. நோய் இருந்த வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி மந்தாரக்குப்பத்தில் சும்மா கிடந்தது. அங்கே கைக்குழந்தையை அவன் அப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளைகளோடு அது ஒரே பாயில் விளையாடிக்கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்ணுக்கு வீக்கம் சற்று வடிந்திருந்தது. கரகரவென்று இரண்டு வார்த்தை பேசினாள். அவள் அம்மா முகமூடியைக் கட்டிக்கொண்டு கதவருகே வந்தாள். இரண்டு நாள் தூங்காத கண்.

"இப்பதாங்கா வாய தொறந்து பேசுது. அம்மா அம்மான்னு கூப்டுது. அப்டி கூப்டாதடி, அக்கான்னு கூப்டுன்னு சொல்லிகினு இருக்கேன்."

அவள் உள்ளே திரும்பி நர்ஸ் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

"நோயாளிகூட இருக்கறவங்க இத முழுங்கணும்னு எனக்குக் குடுத்தாங்க. காலைல ஒண்ணு, இப்ப ஒண்ணு. வூட்ல இருக்கறவங்க எல்லாம் சாப்டணுமாமே. நான் முழுங்கலங்கா, எனக்கு ஒண்ணும் பண்ணல. இத வூட்ல குடுத்துடுங்க. ரெண்டையும் பாதி பாதியா ஒடைச்சி சின்னவனுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

வாங்கிக் கைப்பையில் உள் ஜிப்பில் வைத்தேன். அவள் இன்னும் ஏதோ கேட்க வேண்டும்போல நின்றாள்.

"ஏங்கா, எதனா ஆயிட்டா... எந்தப் பேர்லங்கா எங்கிட்ட குடுப்பாங்க?"

"வாய மூடு" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள்மீது எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? அவள் கேட்டதை நானும் சனிக்கிழமையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால், தாளில் செத்துப்போவது என் மகள். பெற்றவள் அந்தப் பிணத்தை என் பிள்ளை என்று சொல்லி வாங்க முடியாது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது இடது பக்கம் போனால் மந்தாரக்குப்பம், வலது பக்கம் போனால் வீடு. பையில் மாத்திரை இருந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று "குப்பம், குப்பம்" என்று கூவிக்கொண்டு என் முன்னால் நின்றுகூடப் பார்த்தது. எந்த டாக்டரும் சொல்லாமல் கைக்குழந்தைக்கு மாத்திரையை உடைத்துக் கொடுப்பதா என்று ஒரு பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த வரிசை வீட்டில் யாராவது என்னைப் பார்த்துவிட்டால், ஏன் வந்தாய் என்று கேட்டால்? நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம் அது. நாளைக்கு ரிசல்ட் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மனசாட்சி உறுத்தியா, ஆய்வாளர் ஸ்கூலுக்குப் போனால் என் மகள் வகுப்பில் குட்டு உடைந்துவிடும் என்ற பயத்திலா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. இரண்டும் இருந்திருக்கும். ஆபீஸில் எங்கள் டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர் வேலையைப் பற்றி ஏதோ சொல்லி அழ ஆரம்பித்தேன்.

அவர் என் அழுகையைக் கண்டுகொள்ளவே இல்லை. "அதெல்லாம் அப்புறம். அந்த வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"அவ புருஷனும் ஒரு கைக்குழந்தையும். பதினோரு மாசம்."

"ஊசியெல்லாம் போட்டிருக்கா?"

"தெரியாது மேடம். வீடு மாறிக்கிட்டே இருந்தாங்க."

அவர் எழுந்துவிட்டார். டிரைவரைக் கூப்பிடும் குரல் வெளியே கேட்டது. என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள், வீடு காட்ட. ஆய்வாளர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

குழந்தை அப்பன் மடியில் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து உடம்பு சூடு, பால் குடிக்கவில்லை என்றான் அப்பன். "பல்லு மொளைக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேங்க." குறட்டை மாதிரி ஒரு சத்தம் அந்தச் சின்ன நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. ஆம்புலன்ஸ் வரவழைத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஊசி அட்டையைத் தேடினான் அவன். பழைய வீட்டிலேயே எங்கேயோ தொலைந்திருந்தது. பிரசவத்தின்போது பெயர் பதிந்திருந்த காடாம்புலியூர் நர்ஸ், குழந்தை மந்தாரக்குப்பம் போய்விட்டது என்று எழுதியிருந்தார். மந்தாரக்குப்பத்தில் அப்படி ஒரு குழந்தை இருப்பதே யாருடைய நோட்டிலும் இல்லை.

மற்ற நாலு குடித்தனத்துக்கும் அன்றைக்கே மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்தார்கள். அங்கே வேறு யாருக்கும் நோய் வரவில்லை. மத்தியானம் லேப் ரிசல்ட் வந்தது. தொண்டை அடைப்பான்தான். என் மகளின் பெயரை அடித்துவிட்டு அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரை, சொந்த முகவரியை நானே திருத்தி அனுப்பினேன். அதற்குக் கீழே இரண்டாவது வரியாகக் கைக்குழந்தையின் பெயரையும் சேர்த்தேன்.

பெண் பிழைத்துவிட்டாள். குழந்தை புதன்கிழமை காலை புதுச்சேரியில் இறந்துபோனான்.

சனிக்கிழமையே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் ஒரு நாள் கேட்டேன். "அக்காகிட்டேருந்து முன்னாடியே ஒட்டியிருக்கலாம். உறுதியா யாரும் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனது அவருக்கு. சொல்ல முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டு நானும் கொஞ்ச நாள் ஓட்டினேன். வீட்டுக்காரருக்குச் சார்ஜ் மெமோ வந்தது, விசாரணை நடந்தது, ஒரு இன்கிரிமெண்ட் போயிற்று. நாங்கள் பயந்ததெல்லாம் அவ்வளவுதான். வேலை போகவில்லை. அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் குழந்தை இறந்த செய்தி வந்த அன்று சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போனதும் அவர்தான்.

அவள் இனி என் வாசலை மிதிக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் வந்துவிட்டாள். பெண் ஸ்கூலுக்குப் போகிறது, வீட்டில் உட்கார்ந்தால் சின்னவன் நினைப்பாகவே இருக்கிறது என்றாள். "நீங்க இல்லன்னா பொண்ணும் போயிருக்குங்கா. உங்க வூட்டுக்காரருக்கு எங்களால எவ்ளோ கஷ்டம்" என்று என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

அவளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் என் கம்ப்யூட்டரில் வந்தது தெரியாது. டாக்டர் என்னிடம் 'வேற சின்னக் குழந்தை இருக்கா?' என்று கேட்டது தெரியாது. தினமும் சொல்லிவிட வேண்டும் என்று இருப்பேன். அவள் பாத்திரத்தைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது எனக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு நாள் அவளே கேட்டாள். தேய்த்துக்கொண்டிருந்த குக்கரைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேங்கா. எங்க வூட்டுக்காரர கேட்டா, சின்னவன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறாரு. அந்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் மாத்திர குடுத்தனே, அத சின்னவனுக்குக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்" என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும். பாதி பாதியா உடைச்சு, பால்ல கரைச்சு."

"குடிச்சானா?"

"குடிச்சான்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "அப்ப சரிங்கா. நம்மளால முடிஞ்சத பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து குக்கரைக் கழுவ ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் கதவு ஆணியில் என் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டலம் அந்த உள் ஜிப்பிலேயேதான் இருந்தது.